இரண்டு படி விசுவாசிகள்

(திருத்தணியில் ஒரு ஞாயிறு ஆராதனையில் அளிக்கப்பட்ட தேவசெய்தியின் எழுத்து வடிவம்)

தணிகை மலைக்கு எத்தனை படி? சின்னப் பிள்ளையும் சொல்லும், 365. வருஷத்தில் நாளுக்கு ஒன்று. நம் விசுவாசத்துக்கு எத்தனை படி? கிறிஸ்துமஸ் ஒன்று, டிசம்பர் 31 ராத்திரி ஒன்று. மீதி 363 படியை யார் ஏறுவது? (சிரிப்பு) பின்வரிசையில்தான் சிரிப்பு அதிகம். இருக்கட்டும்.

ஆராதனைக்கு வராதவர்களைக் கேட்டால், "சந்தேகம் வந்துவிட்டது, அதனால்தான் வருவதில்லை" என்கிறார்கள். உபவாசம் இருந்தோம், வேலை கிடைக்கவில்லை. முழங்காலில் நின்றோம், அம்மா பிழைக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். யோபு கேட்டார். ஆபகூக் கேட்டார். தாவீது கேட்காத கேள்வியா?

நம் தேசத்துக்கு வந்த அப்போஸ்தலர் யார்? பேதுருவா, பவுலா? தோமா! காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாரே, அவர். பாரம்பரியம் அப்படித்தான் சொல்கிறது. பரங்கிமலைக்கு அவர் பெயரே இருக்கிறது. சந்தேகப்பட்டவருக்கு ஒரு மலை! ஆனால் யோவான் 20-ஐ வீட்டில் போய் நிதானமாகப் படியுங்கள். எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தபோது தோமா எங்கே இருந்தார்? மற்ற சீஷர்களோடு, பூட்டிய கதவுக்குள். அவர் நம்பவில்லை. ஆனால் போய்விடவும் இல்லை.

போய்விடவும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1888-ல் இங்கே பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிசு கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. எல்லாம் மிஷனரிகளிடம் படித்த படிப்பு. அங்கே இந்து சமயத்தின்மீது விழுந்த விமர்சனம் அவரைக் குத்தியது. என்ன செய்தார்? தன் வேதாந்தத்தை இன்னும் ஆழமாகத் தோண்டினார், 1908-ல் எம்.ஏ. ஆய்வுரையே அதில் எழுதினார். வேறு மார்க்கத்தார்தான். கேள்வி வந்தால் என்ன செய்வது என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். நாமோ, ஒரு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு வேதத்தைப் பரண்மேல் போடுகிறோம்!

எங்கே விட்டோம்? தோமா. சரி, தோமாவைப்போல் போய்விடாத இன்னொருவரைப் பார்க்க வேலூருக்கு வருவோம். தமிழ் வீடானாலும் தெலுங்கு வீடானாலும் பீரோவில் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் அட்டை ஒன்று இருக்கும். அங்கே ஒரு டாக்டரம்மா, மேரி வர்கீஸ். 1925-ல் கேரளத்தில் பிறந்தவர். தோமாவின் வழி என்று சொல்லிக்கொள்ளும் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று ஆசை. 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு போன வண்டி விபத்தில் சிக்கியது. முதுகுத்தண்டில் அடி. இரண்டு காலும் போயிற்று. முகத்தில் தழும்பு. முப்பது வயதுகூட ஆகவில்லை. ஊழியத்துக்கு வந்த பெண்ணுக்கு இதுவா பலன்? எத்தனை ராத்திரி அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிட்டிருக்காது!

அங்கே டாக்டர் பால் பிராண்ட் இருந்தார், தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்குகிறவர். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம், சக்கர நாற்காலி போதும் என்று மேரிக்கு வழிகாட்டினார். தொழுநோயில் நரம்பு செத்துவிட்டால் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிவிடும். சட்டைப் பொத்தான் போட முடியாது, சோறு பிசைய முடியாது. வேறு ஒரு நல்ல தசையின் தசைநாணை எடுத்து, விரலுக்குத் திருப்பித் தைக்க வேண்டும். சில வாரம் மாவுக்கட்டு. பிறகு குழந்தைபோல் விரலை நீட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். தன் கால் அசையாத ஒருத்தி, மேஜைமுன் உட்கார்ந்து அடுத்தவன் விரலை அசைய வைத்தார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கால் திரும்ப வந்ததா? வரவில்லை. சாட்சி சொல்லும்போது இந்த இடத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஜெபித்தால் எல்லாம் சரியாகும் என்று மைக்கில் முழங்குகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? வரவில்லை, ஐயா! ஆனால் அவர் போய்விடவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் நியூயார்க்குக்கும் போனார், மறுவாழ்வு மருத்துவம் படித்தார், வேலூருக்கே திரும்பி வந்தார். 1966-ல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்காக மறுவாழ்வு மையம் அங்கே திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நேரமாகிவிட்டது, வாட்சைப் பார்க்கிறீர்கள். ஓர் அறிவிப்பு மட்டும். ஆடிக்கிருத்திகை வருகிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துதான் வர வேண்டியிருக்கும். காவடி எடுத்து வருகிறவர்களுக்கு வழி விட்டு நடங்கள். அவர்களும் நூறாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். பாருங்கள், எத்தனை பேர் இறங்கிப் போகிறார்கள் என்று. ஆராதனை காலை எட்டரைக்கே ஆரம்பம். பின்வரிசைக்கும் சேர்த்துத்தான்.