உடற்குறியும் உயிர்க்குறியும்

பச்சை குத்திக்கொண்ட மக்களைப் பெற்றோர் சினந்து ஒதுக்குதலும், பின்னர் அம்மக்கள் தாமே அதற்கிரங்கி வருந்துதலும் இக்காலத்து இல்லங்கள் பலவற்றிற் காண்கின்றோம். நம் பாட்டியர் பலர் கையிலும் பச்சைக்கோலம் இருந்ததன்றோ?

உடம்பு இறைவன் கோயில். அதனைக் கீறுதல் தகுமோவெனின், ஆராயாது கீறுதல் பிழையே என்போம். ஆயினும் சுவரிற் கிறுக்கியதன்பொருட்டுக் கோயிலைத் துறப்பார் யாருமிலர்.

ஊசி செலுத்திய மை மேற்றோலின்கீழ்த் தங்குதலின் கழுவ நீங்காது. லேசர் ஒளியாற் பன்முறை சிதைப்பினும் சில முற்றும் அழிவதில்லை. அக்குறி உயிரைப் பற்றுமோ? பற்றாது. உடல் மாயையின் காரியம். குறியும் அதனோடு ஒழியும். உயிரறிவை அநாதியே மறைப்பது ஆணவம்; அது திருவருளொளி ஒன்றற்கே வலிகெடும். மக்களை வெறுக்குஞ் சினமும் அவ்வாணவத்தின் குறியே.

புறச்சமயஞ் சார்ந்து, சூலைநோயோடு திருவதிகைக்கு மீண்ட தம்பியைத் திலகவதியார் கடிந்து விலக்காது திருநீறளித்து ஏற்றனர். அத்தம்பியாராகிய திருநாவுக்கரசரே, பின்னர்த் தம் உடலின் பழஞ்சார்பிற்கு இரங்கி, திருத்தூங்கானைமாடத்திற் சூலக்குறியும் இடபக்குறியும் வேண்டிப் பெற்றனர்.

இரக்கம் அருளின் வாயில். அவ்வாயிலில் நிற்கும் மக்கட்கு, வசைக்கு முன்னர்த் திருநீறு நீட்டுதலே சைவர் கடன்.