பாட்டுக்கு உரியவர்

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி, பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் பிழைக்கக் கிடைத்த கடைத்தெரு பர்மா பஜார். ராயபுரம், காசிமேட்டுக்காரர்கள் பலர் புதுப்படத்தைத் திருட்டு விசிடியில் வாங்கியது அங்கேதான். 2004-இல் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தில் திருட்டு விசிடிக்காரர்களும் சேர்க்கப்பட்டார்கள். விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

திருட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் யாருடைய பொருளைக் காக்க அத்தனை கடுமை? அந்தப் படங்களுக்குப் பாட்டு எழுதியவருக்குப் பெரும்பாலும் பேசிய தொகையோடு கணக்கு முடிந்துவிடும். பணம் கொடுத்து எழுத வைத்த தயாரிப்பாளரே பாட்டுக்கு உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருந்தது. திரையரங்குக்கு வெளியே பாட்டு சம்பாதிப்பதில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்ற திருத்தம் 2012-இல்தான் வந்தது. தெருவில் விற்றவனைப் பிடிக்க இருந்த அவசரம், எழுதியவருக்குக் கூலி கொடுப்பதில் இல்லை.

பதிப்புரிமை பிறந்ததே வேறு நோக்கத்துக்கு. 1710-இல் பிரிட்டன் போட்ட முதல் சட்டம் கல்வியை வளர்ப்பதற்கென்றே தன்னை அறிவித்துக்கொண்டது. உரிமை 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு. காலம் நீண்டாலும் கணக்கு ஒன்றே: ஆக்கியவர் பிழைக்க வேண்டும், பிறகு ஆக்கம் ஊருக்குச் சேர வேண்டும். பாரதி பாடல்களின் உரிமையை 1949-இல் அரசு வாங்கி, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. இன்று எவர் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம். ஆனால் தன் நூல்களை விற்று வாழ முடியாமல் தவித்த கவிஞர் 1921-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது வடசென்னையின் சாவு வீட்டுக்கு வாருங்கள். தெருவை அடைத்த ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டோலக். கானா பாடுகிறவர் செத்தவரின் பெயரையும் அவர் பார்த்த தொழிலையும் அங்கேயே வரியில் கோத்து விடிய விடியப் பாடுகிறார். விடிவதற்குள் அது நாலு செல்போனில் ஏறி ஊர் சுற்றத் தொடங்கிவிடும். அந்த மெட்டு நாளை படத்தில் வந்தால் டைட்டில் கார்டில் வேறு பெயர் இருக்கும்.

சட்டத்தில் இவருக்கும் இடமுண்டு. பாடியவருக்கு அந்த நிகழ்ச்சியின் மேல் 50 ஆண்டு உரிமை உண்டு; தானே பாடியது என்று பெயர் கோரும் உரிமையும் 2012 முதல் உண்டு. தானே கட்டிய வரி என்றால், அதன் உரிமையை விற்றபின்னும் ஆசிரியர் என்ற பெயர் அவருடையதே. ஆனால் எதிலும் கையெழுத்தில்லாதவர், தினக்கூலியை விட்டுவிட்டு எந்த நீதிமன்றப் படியேறி இதைக் கேட்பார்?

அவர் கேட்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வீடியோ எடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போடும்போது அவர் பெயரையும் போடுங்கள். காசு வந்தால் அவர் பங்கைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.