யாருக்குப் பட்ட கடன்?

நகை அடகுச் சீட்டுகளில் கிராம் கணக்கு இருக்கும், வட்டி இருக்கும், கெடு தேதி இருக்கும். நகை பெண்ணுடையது, பல சீட்டுகளில் பெயர் கணவனுடையது. யார் கழுத்திலிருந்து கழற்றியது என்று எழுத அதில் இடம் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்த நகை என்றால் அந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை. உயிருக்கு முன்னால் நகை என்ன பெரிது என்பார்கள். உண்மைதான். ஆனால் உயிர் பிழைத்த பிறகாவது, அது யாருக்குப் பட்ட கடன் என்று கேட்க வேண்டும்.

உழைக்கும் குடும்பங்கள் இந்தக் கடனுக்குள் எப்படி வருகின்றன? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்கு ஒரு முதலாளி வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சொந்த ஆட்டோ ஓட்டி மாதம் 18,000 சம்பாதிப்பவரின் குடும்பம் இந்த இரண்டிலும் சேராது. மிஞ்சியிருப்பது தனியார் காப்பீடு. வயது ஏற ஏற அதன் பிரீமியமும் ஏறும். அதன்மேல் இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22இல்தான் நீங்கியது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள். பெரும்பாலான பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம்; மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்குக் கிடையாது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2021-22இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தங்கள் கைப்பணத்திலிருந்து கொடுத்திருக்கிறார்கள்.

கைப்பணம் என்றால் யார் கைப்பணம்? சேமிப்பு தீர்ந்ததும் சங்கிலி போகும், கம்மல் போகும். அதுவும் தீர்ந்தால் மகளிர் குழுக் கடன். குழுக் கடன் பெண்ணுக்கே கிடைப்பதால் வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் கையெழுத்து அவளுடையது. தவணை நாளில் பதில் சொல்பவளும் அவள்தான். யாருக்கு எப்போது நோய் வரும் என்று தெரியாததால் பலர் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்வதுதான் காப்பீடு. அந்தப் பகிர்வு இல்லாத வீட்டில் பெண்ணே காப்பீடாகிறாள். அவள் கட்டும் பிரீமியமும் உண்டு: தன் முழங்கால் வலியை, கர்ப்பப்பைக் கட்டியை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது.

அவள் மனமுவந்துதானே கொடுத்தாள் என்று கேட்பார்கள். பொருளை இழந்து நாணி நின்ற கோவலனிடம், அவன் கேட்காமலே சிலம்பைக் கொடுக்க முன்வந்தவள் கண்ணகி. அதைக் கற்பின் அடையாளமாகவே நாம் படித்துவந்திருக்கிறோம். கோவலனோ அந்தச் சிலம்பை முதலாக வைத்து இழந்ததை ஈட்ட நினைத்தான். முதல் என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு என்பதை மட்டும் நாம் மறந்துவிட்டோம். மறுக்க முடிகிற இடத்தில் கொடுப்பதுதான் கொடை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவளால் மறுக்க முடியுமா? அங்கே அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்பு இருப்பதாலேயே கடன் இல்லாமல் போய்விடாது என்கிறேன். அப்பாவின் பைபாஸ் செலவை அண்ணன் தம்பிகள் பங்கு போடும்போது யார் எவ்வளவு கொடுத்தது என்று நோட்டில் எழுதிவைக்கிறார்கள். அதனால் பாசம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. மருமகளின் நான்கு பவுன் மட்டும் அந்த நோட்டில் ஏறாது. ஏற்றச் சொன்னால், கணக்குப் பார்க்கிறாள் என்ற பேச்சு வரும்.

2024 ஏப்ரலில் கேரளப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: சீதனம் மனைவியின் முழுச் சொத்து, துன்பக் காலத்தில் கணவன் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் தார்மீகக் கடமை அவனுக்கு உண்டு. அவருக்கு 25 லட்சம் ரூபாய் தர உத்தரவானது. ஆனால் அந்தத் தீர்ப்பு மணவாழ்க்கை முறிந்த பின்பே வந்தது. கடனைக் கடன் என்று சொல்ல ஒரு பெண் விவாகரத்து வரை காத்திருக்க வேண்டுமா?

ஆட்டோ ஓட்டுபவரும் ஏழைதான், அவர் எங்கிருந்து திருப்பித் தருவார் என்பது நியாயமான கேள்வி. இங்கே இரண்டு கடன்கள் இருக்கின்றன. ஒன்று, குடும்பம் அவளுக்குப் பட்டது. மற்றொன்று, அந்தக் குடும்பத்துக்குச் சமூகம் பட்டது. அரசு மருத்துவமனையில் ஒரு ஸ்கேன் நேரத்துக்குக் கிடைத்தால், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக ரத்த அழுத்த மாத்திரை தவறாமல் வீடு வந்தால், அந்த அளவுக்கு ஒரு சங்கிலி அடகுக் கடைக்குப் போகாமல் இருக்கும். பொது மருத்துவத்துக்குக் குறைத்து ஒதுக்கும் பணம் சிக்கனமாகிவிடாது. அது வீட்டுக்கு வந்து, வீட்டில் அவளிடம் வந்து நிற்கும்.

இரண்டாவது கடனைக் கேட்க முதல் கடனின் கணக்கு வேண்டும். எவ்வளவு போனது என்று தெரியாமல் எதைத் திருப்பிக் கேட்பது? நான்கு பவுன், இன்ன தேதி, இன்னாருடைய சிகிச்சைக்காக. வீட்டுக் கணக்கு நோட்டில் அவள் பெயரோடு இந்த ஒரு வரி ஏறட்டும்.