மிகையாக ஊட்டலும் இம்சையே

உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் அகிம்சா அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். எங்கள் சைதாப்பேட்டை இல்லத்து நாய் பருத்து, மாடிப்படியில் மூச்சிரைத்து நின்றபோது, உணவைக் குறைத்தல் ஐந்தாம் குற்றமாகாதோ என அஞ்சினேன்.

ஆகாது. பசியால் வாடவிடுவதே தடுத்தல். அளவறிந்து இடுவது காத்தல். உண்மையில் நான் செய்துவந்தது நான்காம் குற்றம். நெய்ச்சோறும் இனிப்பும் கேட்டபோதெல்லாம் இட்டு, மிகுபாரத்தை அதன் உடலிலேயே ஏற்றினேன். மகிழ்ந்தது என் மனம். சுமந்தவை அதன் கால்கள். அன்பினால் செய்தேன் எனலாம். கவனமின்மையால் உயிர்க்கு விளையும் ஊறும் இம்சை என்பதே அந்நூல் கூறும் இலக்கணம்.

மிகைக் கொழுப்பு மூட்டுகளை வருத்தும். பூனைக்கு நீரிழிவும் தரும். தடவினால் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். இல்லையேல் கால்நடை மருத்துவரிடம் காட்டி, உணவை அளந்து இடுக. நாயை நாள்தோறும் நடத்துக. பருத்த பூனையைத் திடீரெனப் பட்டினியிடலாகாது. கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஊறு நேரும்.

வயிறு நிரம்புமுன் எழுதலை நமக்குத் தவமாக வகுத்தது ஜினதருமம். அத்தவம் வாயில்லா உயிர்க்கு உரியதன்று. அளவறிதல் இடுவோர் கடமை. விரதம் ஊட்டும் கைக்கே.