அறியாமையும் அறிய மறுத்தலும்

தொழிற்சாலையில் ஒருவர் நோயுற்றார், அல்லது உயிரிழந்தார் என்று கேள்விப்படும்போது நம் நாவில் முதலில் எழும் சொல் எது? பெரும்பாலும் 'கவனக்குறைவு' என்பதே. அச்சொல்லை உச்சரித்தவுடன் நம் மனம் அமைதியடைந்துவிடுகிறது. தவறு அவருடையது, விளைவும் அவருடையது. ஆனால் அந்த அமைதி நேர்மையானதுதானா?

இவ்வினாவைத் தம் வாழ்நாளெல்லாம் சுமந்தவர் ஆலிஸ் ஹாமில்டன். 1869-இல் பிறந்த அமெரிக்க மருத்துவர். 1897 முதல் சிகாகோ நகரில், ஏழைக் குடியேறிகளின் நடுவே அமைந்திருந்த ஹல் ஹவுஸ் என்னும் சமூகநல இல்லத்தில் தங்கித் தொண்டாற்றினார். 1910-இல் இல்லினாய் மாநிலத்தின் தொழில்சார் நோய்கள் பற்றிய ஆய்வை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. காரீயத்தைக் கையாளும் தொழில்களே அவர் முதலில் எடுத்துக்கொண்டவை.

தொழிலாளரின் கைகள் செயலிழந்து தொங்குவதையும், வயிற்று வலியால் அவர்கள் துடிப்பதையும் முதலாளிகள் அறியாமல் இல்லை. ஆயினும், "கை கழுவாமல் உண்கிறார்கள்; வேறென்ன?" என்பதே அவர்களுடைய விளக்கமாக இருந்தது. ஹாமில்டனோ மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார், தொழிலாளரின் வீடுகளைத் தேடிச் சென்றார், ஆலைகளுக்குள் நுழைந்தார். நஞ்சு கையிலிருந்து வாய்க்குப் போவதைவிட, தூசியாகவும் புகையாகவும் மூச்சு வழியே உடலுக்குள் சேர்வதே மிகுதி என்று கண்டார். இது வெறும் மருத்துவச் செய்தி அன்று. பொறுப்பை இடம் மாற்றிய உண்மை. குற்றம் கழுவாத கையினது என்றால், சோப்புக் கட்டி ஒன்றைக் கொடுப்பதோடு முதலாளியின் கடமை முடிந்துவிடும். குற்றம் காற்றினது என்றால், அக்காற்றைத் தூய்மைப்படுத்த வேண்டியவர் யார்?

ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். குளியல் தொட்டிகளுக்கு எனாமல் பூசும் ஆலையில் பணியாற்றிய போலந்துத் தொழிலாளி ஒருவர் காரீய நஞ்சால் நோயுற்றிருந்தார். அங்கே காரீயம் பயன்படுவதே இல்லை என்று கூறி, ஹாமில்டனுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டினார்கள். அவர் கண்ணிலும் குறை எதுவும் படவில்லை. பின்னர் அத்தொழிலாளியிடமிருந்தே அவர் உண்மையை அறிந்தார்: அவர் பார்த்தது இறுதி மெருகிடும் பகுதியை மட்டுமே. சிவக்கக் காய்ந்த இரும்புத் தொட்டிமீது எனாமல் தூளைத் தூவும் வேலை வேறிடத்தில் நடந்தது. அத்தூளைச் சோதித்தபோது அதில் காரீயம் இருந்தது.

அறியாமை இருவகை. ஒன்று, அறிய வழியின்மையால் வருவது, அது மன்னிக்கத்தக்கது. மற்றொன்று, அறிந்தால் கடமை பிறக்குமே என்றஞ்சி நாமே கதவை அடைத்துக்கொள்வது. முதல் வகையினருக்கு ஹாமில்டன் ஆசிரியராக நின்றார். காரீய நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் தம் ஆலையில் நோயாளிகள் உண்டென்பதை முதலில் சினத்தோடு மறுத்தார். சான்றுகள் முன்வைக்கப்பட்டதும் தம் ஆலைகளைச் சீர்திருத்தினார். மனச்சான்று உறங்கலாம், எழுப்பினால் எழுவதே அதன் நலத்திற்கு அடையாளம்.

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரைத் தொழில் மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக நியமித்தது. அப்பல்கலைக்கழக ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. ஆயினும் பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் அவர் நடந்து செல்லலாகாது என்பது நிபந்தனைகளுள் ஒன்று. 1935-இல் அதே பதவியிலேயே ஓய்வுபெற்றார். ஆனால் ஆண்டின் பாதியையே வகுப்பறைக்கு அளித்து, மீதியைக் களப்பணிக்கு ஒதுக்கிக்கொண்டவர் அவர். பட்டறையின் தூசி படாத பாடம் பாடமாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் சொன்ன அனைத்தும் கேட்கப்பட்டதா? இல்லை. 1925-இல், காரீயம் கலந்த பெட்ரோலின் தீங்கை அரசு கூட்டிய மாநாட்டில் எடுத்துரைத்தார். அந்தப் பெட்ரோல் வாகனங்களுக்கு விற்கப்படுவது உலகெங்கும் முற்றாக நின்றது 2021-இல்தான். 1970 செப்டம்பரில், 101 வயதில் அவர் மறைந்தார். பணியிடப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது அதே ஆண்டு டிசம்பரில்.

உண்மை அறியப்பட்ட நாளுக்கும் அது ஏற்கப்பட்ட நாளுக்கும் இடையே கிடக்கும் ஆண்டுகள் வெறும் காலம் அல்ல. அவை மனித உடல்கள். எனவே 'கவனக்குறைவு' என்னும் சொல் இனி நம் நாவில் எழும்போது, கவனம் தவறியவர் யார் என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம்.