யாருக்கு உபரி?

ஆற்று நீர் கடலில் கலந்தால் "வீணாகிறது" என்கிறோம். நதிகளை இணைக்கச் சொல்லும் வாதத்தில் பாதி இந்த ஒரு சொல்லின்மேல்தான் நிற்கிறது. யாருக்கு வீண்?

பழவேற்காடு ஏரிக்கு ஆரணி, காளங்கி முதலிய ஆறுகள் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் வருகிறது. இரண்டும் கலந்த நீரில்தான் கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் வந்து வளர்கின்றன. முகத்துவாரத்தை அடைக்கும் மணலைத் தள்ளுவதும் மழைக்கால வெள்ளம்தான். ஆக, கடல்சேரும் நீர் வேலை செய்துவிட்டுப் போகிற நீர். அந்த வேலை கணக்கில் ஏறுவதில்லை, வீட்டில் பெண் செய்யும் வேலை ஏறாததைப்போல.

கிருஷ்ணா நீரில் தலா 5 டி.எம்.சி.யைச் சென்னைக்குத் தர மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் 1976இல் ஒப்புக்கொண்டன. வழியில் ஆவியாக 3 டி.எம்.சி. கழித்து, தமிழ்நாட்டுக்கு 12 என்றார்கள். 1996இல் முதல் நீர் பூண்டிக்கு வந்தது. வெயிலின் பங்குகூட இந்தக் கணக்கில் ஏறியது. கிருஷ்ணா கடல்சேரும் இடத்தில் மீன் விற்றுப் பிழைக்கும் பெண்ணின் பங்கு ஏறவில்லை.

சென்னையின் தாகம் பொய்யில்லை. 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. லாரிக்காகக் குடத்துடன் காத்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய குடத்தைக் காட்டித்தான் கால்வாய்க்கு நியாயம் சொல்கிறார்கள். ஒருத்தியின் தாகத்தை இன்னொருத்தியின் பிழைப்புக்கு எதிராக நிறுத்துவது இப்படித்தான்.

பகிர்ந்துகொள்வது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. பாடு முறையில் வலைவிடும் இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவரே வளைத்துக்கொள்ள அது விடாது. ஆனால் பாடு ஆணுக்கு உரியது, அதிலும் குறிப்பிட்ட சாதி ஆணுக்கு. பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றுநீரில் கையால் இறால் தடவும் இருளர் பெண்ணுக்குப் பாடு கிடையாது. பங்கைச் சரியாகப் பிரித்தாலும் பங்காளிகளின் பட்டியலை யார் எழுதினார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. மாநிலங்களின் நீர் ஒப்பந்தமும் பெரியதொரு பாடுதான்.

ஒரு படுகையின் நீரை இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "உபரி" எவ்வளவு என்று குறிக்கும் முன்பே ஆற்றின் கடைசியில் நிற்பவளைக் கேட்க வேண்டும். அவள் பதிலால் அந்த அளவு மாற முடியாது என்றால், அவளைக் கேட்டதாக ஆகாது.