வாக்கில்லா உயிர்களும் மக்களாட்சியும்

ஆசிரியப் பயிற்சி முடித்து, இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நெடுங்காலம் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவள் நான். தேர்தல்தோறும் வாக்குச்சாவடிப் பணிக்கும் செல்வேன். மீன்கூடை சுமந்து காய்த்துப்போன தாய்மார்களின் விரலில் மை வைத்து அனுப்பும்போது, மக்களாட்சி அத்துடன் நிறைவுற்றது என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் குறையுடையது என்பதை எண்ணூர்க் கழிமுகம் எனக்கு உணர்த்தியது.

கொசஸ்தலையாற்றைக் கரும்பலகையில் வரைந்து, அது எண்ணூரில் கடலோடு கலக்கிறது என்று கற்பிப்பேன். ஒருநாள் மீனவர் குப்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, "கடல் தண்ணியும் ஆத்துக்குள்ள வரும் டீச்சர்" என்றான். உண்மைதான். ஓதத்தில் கடல்நீர் உட்புகுவதால்தான் அங்கே இறாலும் நண்டும் பெருகின; அலையாத்தி மரங்கள் தழைத்தன. ஒரு பொருளைப் பல கோணங்களில் காணவேண்டும் என்னும் அநேகாந்தத்தை அன்று என் மாணவனிடமே கற்றேன்.

வடசென்னையின் வரலாறு உழைப்பின் வரலாறு. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. 1970களில் எண்ணூர் அனல்மின் நிலையமும், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் செயற்படத் தொடங்கின. இவை நாட்டுக்கு வேண்டாதவை என்று கூறமாட்டேன். ஆயினும் நிலக்கரிச் சாம்பல் ஆற்றில் படிந்து அதன் ஆழத்தைக் குறைத்தது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த கழிமுகம், பின்னர் காட்டப்பட்ட வேறொரு வரைபடத்தில் காணப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வாயிலாகவே இது 2017இல் வெளிவந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகமெங்கும் பரவியது. மீனவர்கள் அதனை வாளிகளில் அள்ளிய காட்சியைக் கண்டு உள்ளம் வருந்தினேன்.

பலருக்கு நன்மை தருவதற்காகச் சிலர் துன்புறலாகாதா என்று கேட்பாருண்டு. அவ்வினாவுக்கு 'ஆம்' என்று விடையளிக்க நம்மால் இயலுமா? 2014இல் தேசியச் சிறுபான்மையாக அறிவிக்கப்பட்ட சமூகம் நம்முடையது. எண்ணிக்கை மட்டுமே அறமாகுமெனில் நமக்கும் இடமிராது. இழப்பைச் சுமப்போரின் சொல்லைக் கேட்பதற்காகவே 1997 முதல் பெருந்திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புச் சட்டமாயிற்று. ஆனால் கேட்பது வேறு. கேட்டதாகப் பதிவு செய்வது வேறு.

மீனவர்க்கேனும் வாக்குண்டு. இறாலுக்கும் நண்டுக்கும் எந்தச் சாவடியில் பெயருண்டு? ஓரறிவு முதலாக உயிர்களை வகுத்துக் காட்டினார் தொல்காப்பியர். நீரையே உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டென்பது நம் ஆகமக் கொள்கை. ஆதலின் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். வடிதுணியில் தங்கிய நுண்ணுயிர்களை, நீர் எடுத்த இடத்திலேயே மீண்டும் சேர்க்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. அடுக்களையில் இத்துணை கருணை காட்டும் நாம், நம் இல்லத்து விளக்குக்காகக் கழிமுகத்திற்குத் திருப்பித் தருவதோ சாம்பல்!

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகைத்து. நான் ஆற்றில் சாம்பல் கொட்டவில்லை, கொட்டச் சொல்லவுமில்லை. ஆனால் அப்பகுதியிலேயே பணியாற்றியும் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கும் சென்றதில்லை. ஒரு மடல்கூட எழுதியதில்லை. அம்மௌனம் உடன்பாடு அன்றி வேறென்ன? இதனை இம்முதுமையிலேனும் ஒப்புக்கொள்வது என் கடன்.

எனவே, அன்பர்களே, வேண்டாத விளக்கை அணைப்பதும் விரதமே. அளவோடு நுகர்வதும் விரதமே. அவற்றோடு, பேசவியலா உயிர்களுக்காக ஒருமுறையேனும் எழுந்து பேசுவதையும் நம் இல்லறத்தார் கடமைகளுள் ஒன்றாகக் கொள்வோம். விரலில் வைத்த மை சில வாரங்களில் அழிந்துவிடும். உடன்பட்ட வினை அவ்வளவு எளிதில் அழிவதில்லை.